வெளிநாட்டு வருவாய் ஆணையத்துக்கு ஆலோசகராகப் போகிறேன்: முதல் மாதத்தை எதில் செலவிடுவது?

தென்பெண்ணைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் காவேரிப்பட்டணம். பட்டயக் கணக்காளராகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கடைசி நான்கு ஆண்டுகளாகப் பெங்களூரில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை. அடுத்த மாதம் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு சிறிய நாட்டுக்குப் போகிறேன். அந்நாட்டின் வருவாய் ஆணையத்துக்கு வரி நிர்வாகச் சீர்திருத்தம் குறித்து ஆலோசனை சொல்லும் குழுவில் நானும் ஒருத்தி. பதினெட்டு மாத ஒப்பந்தம். நாட்டின் பெயரைப் பொதுவில் சொல்ல ஒப்பந்தம் இடம் தரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கொடுத்திருக்கும் வேலை மூன்று. நம் ஜிஎஸ்டி போன்ற மதிப்புக்கூட்டு வரிச் சட்டத்தைத் திருத்தி எழுதுவது, புதிய கணினி அமைப்பு வாங்க உதவுவது, அலுவலர்களுக்குப் பயிற்சி கொடுப்பது. வரி வருவாய் நாட்டின் மொத்த உற்பத்தியில் 15 சதவீதத்தைத் தொட வேண்டும் என்பது இலக்கு. ஓர் அரசு தன் காலில் நிற்கக் குறைந்தது இவ்வளவு வேண்டும் என்று உலக வங்கி சொல்லும் அளவு அது. எங்கள் ஆவணங்களில் பக்கத்துக்குப் பக்கம் அந்த எண்தான் வருகிறது.

குழுத் தலைவர் என்னிடம் இந்தியாவின் ஜிஎஸ்டி வலைத்தளத்தைப் பற்றி முதல் நாள் பேசத் தயார் செய்யச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி தொடங்கிய பிறகு வந்த மாதங்களில் எங்கள் ஊர் மாங்காய் மண்டிக்காரர்களும் ஜவுளிக் கடைக்காரர்களும் பில் கட்டுகளோடு இரவு பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. நேர்மையாக வரி கட்ட நினைத்தவர்கள்தான் அன்று அதிகம் பயந்தார்கள்.

நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் வரித் துறையில் வேலை பார்த்தவர்கள், வரி கட்டுகிறவர்கள், வெளிநாட்டில் இதே வேலை செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள். முதல் மாதத்தை எதில் செலவிட வேண்டும்? சட்டமா, கணினியா, ஆட்களா?

ஓசூர் நிரலர் எழுதியது:

கணினிதான் அக்கா. நான் பத்து ஆண்டுகளாக வணிக நிறுவனங்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். வரி கட்டுகிறவரும் வரி வாங்குகிறவரும் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்காரும் வரைக்கும் அந்த மேசைக்குக் கீழே ஏதாவது கை மாறிக்கொண்டேதான் இருக்கும். மேசையை எடுத்துவிடுவது ஒன்றுதான் வழி.

ருவாண்டாவைப் பாருங்கள். 2013 முதல் மதிப்புக்கூட்டு வரியில் பதிவான கடைகளில் மின்னணு பில் இயந்திரம் கட்டாயம். ஒவ்வொரு பில்லும் வருவாய் ஆணையத்தின் கணினிக்குத் தானாகப் போய்விடுகிறது. அதற்கு முன்பே எத்தியோப்பியாவும் தான்சானியாவும் இதே வழியில் இறங்கிவிட்டன. சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டும், மனிதரைத் திருத்த ஒரு தலைமுறை வேண்டும். இயந்திரத்தை ஆறு மாதத்தில் கொண்டுவந்துவிடலாம்.

பென்னாகரம் சாலை எழுதியது:

வணக்கம் அம்மா. தருமபுரியிலிருந்து எழுதுகிறேன். விற்பனை வரித் துறையில் 1984ல் சேர்ந்து 2015ல் ஓய்வு பெற்றேன். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இருபத்து மூன்று ஆண்டுகள், 2007 ஜனவரியில் வந்த வாட் என்ற மதிப்புக்கூட்டு வரிச் சட்டத்தோடு எட்டு ஆண்டுகள். ஓய்வுக்குப் பிறகு நானும் ஓர் ஆப்பிரிக்க நாட்டில் இரண்டு ஆண்டுகள் இதே வேலையில் இருந்தேன்.

நீங்கள் கேட்ட மூன்றில் எதையும் முதல் மாதம் தொடாதீர்கள். பதிவேட்டின் முன்னால் உட்காருங்கள்.

யார் வரி கட்ட வேண்டியவர், எங்கே இருக்கிறார், என்ன தொழில் செய்கிறார், எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்று எழுதிய ஏட்டைச் சொல்கிறேன். வரி நிர்வாகத்தைச் சோதிக்க உலக அளவில் இன்று பயன்படுத்தும் டாடாட் என்ற மதிப்பீட்டு முறையில் ஒன்பது பகுதிகள் உண்டு. அதிலும் முதல் பகுதி இதுதான். ஆனால் அந்த மதிப்பீட்டைத் தலைநகர் அலுவலகத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டே முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். முடியாது.

நான் போன நாட்டில் முதல் நாள் கூட்டத்தில் பதிவு பெற்ற வியாபாரிகளின் எண்ணிக்கையைத் திரையில் காட்டினார்கள். நல்ல பெரிய எண். அடுத்த வாரம் ஒரு மாவட்டத் தலைநகருக்குப் போய், அங்கிருந்த பெண் அலுவலரிடம் பதிவேட்டில் தொடர்ச்சியாக நூறு பெயர்களை எழுதி வாங்கினேன். பதினாறு ஆண்டுகளாக அதே அலுவலகத்தில் இருப்பவர். இருவருமாக ஒன்பது நாட்கள் தெருத் தெருவாக நடந்தோம். நூற்றில் முப்பத்தொரு கடைகள் இல்லவே இல்லை. ஏழு பேர் இறந்துபோயிருந்தார்கள். படிவம் கொடுக்காத குற்றத்துக்கு அவர்கள் பெயரில் அபராதம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டிருந்தது. அந்த அபராதத்தையும் சேர்த்துத்தான் "நிலுவை" என்று நிதியமைச்சருக்குக் கணக்குக் காட்டியிருந்தார்கள். ஒருவர் மூன்று எண்களில் இருந்தார். அந்த ஊரிலேயே அதிகமாகச் சிமெண்டும் கம்பியும் இறக்கிய கடையோ ஏட்டில் எங்கும் இல்லை.

அந்தக் கடைக்கு மாதம் எத்தனை லாரி வருகிறது என்பதுவரை அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பதிவு செய்ய வருகிறவருக்கு ஆறு பக்கப் படிவம் இருக்கிறது, வராதவரை நாங்களாக எழுதிக்கொள்ள ஒரு துண்டுத் தாள்கூட இல்லை என்றார். நம் துறையில் தெருவாரியாகக் கடைகளைப் பார்த்து எழுதி வரும் பழைய வழக்கம் உண்டு. அதை நினைவில் வைத்து நானும் அவரும் ஓர் அரைப்பக்கப் படிவம் தயாரித்தோம். இரண்டு ஆண்டுகளில் நான் செய்ததில் இன்றும் நிலைத்திருப்பது அந்த அரைப்பக்கம்தான் என்று அவர் எனக்கு எழுதுகிறார்.

இதை நான் வெளிநாட்டில் போய்க் கற்கவில்லை. நம் மண்ணிலேயே இருக்கிறது. 1792ல் திப்புவிடமிருந்து பாராமகால் என்ற நம் பகுதி கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கைமாறியபோது இங்கே வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து, உழுகிறவர் பெயரிலேயே வரியை எழுதினார்கள். ரயத்துவாரி என்று பிறகு சென்னை மாகாணம் முழுவதும் பரவிய முறை உருவானது நம் தருமபுரி, கிருஷ்ணகிரி வயல்களில்தான். அவர்கள் நம் நன்மைக்காக அளக்கவில்லை. வரி விகிதம் குடியானவர் முதுகை ஒடித்தது. பின்னால் கடப்பை, பெல்லாரிப் பக்கம் வேலை பார்த்துவிட்டு 1807ல் கிளம்பும்போது, விதித்த தீர்வையில் கால் பங்கைக் குறைக்க வேண்டும் என்று மன்றோவே எழுதி வைத்தார். அளவும் பேரும் சரியாக இருந்ததால்தான் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அவரால் சொல்ல முடிந்தது. ஏடு இல்லாத இடத்தில் விகிதத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் யார் மேல் எவ்வளவு விழுகிறது என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று என் வீட்டுக் கதை. என் அப்பா பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் கர்ணம், அதாவது ஊர் நிலக் கணக்கு எழுதுகிறவர். 1980ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவியை ஒழித்தது. அது நியாயமான முடிவு என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஒரு ஊரின் நிலக் கணக்கு முழுவதும் ஒரு குடும்பத்தின் கையில் இருக்கக் கூடாது. ஆனால் அப்பா நோட்டுகளை ஒப்படைத்த நாளில் அவற்றை வாங்கிக்கொண்டவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எந்தச் சர்வே எண்ணில் அண்ணன் தம்பிக்குள் வாய்வழிப் பாகப்பிரிவினை நடந்திருக்கிறது, எந்தக் கிணறு யாருக்குப் பொது, எந்தப் பட்டாதாரர் பிழைப்புக்கு வடக்கே போய்விட்டார் என்பதெல்லாம் நோட்டில் இல்லை, அப்பாவின் தலைக்குள் இருந்தது. அடுத்த சில ஆண்டுகள் ஊர்க்காரர்கள் ஜமாபந்தியில் மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே, அம்மா, எந்தச் சீர்திருத்தத்தால் எவர் வேலையை இழக்கப் போகிறாரோ அவரிடம் முதலில் போய் உட்காருங்கள். அவரிடம் இருப்பது வேறு எங்கும் இல்லை. அவரை மரியாதையோடு கேட்டால் சொல்வார். என் அப்பா சொல்லக் காத்துக்கொண்டுதான் இருந்தார்.

உங்கள் வேலைக்கு முன்னோடிகளான இரண்டு பெரியவர்களைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞர் நிக்கலஸ் கால்டர் 1956ல் இந்தியாவுக்கு அறிக்கை எழுதினார். மேதைதான், சந்தேகம் இல்லை. அவர் சொன்னபடி 1957ல் செல்வ வரியும் செலவு வரியும் வந்தன. அடுத்த ஆண்டு நன்கொடை வரி. ஒரு மனிதர் ஆண்டு முழுவதும் என்ன செலவு செய்தார் என்று கணக்குப் பார்க்கும் ஆள்பலம் அன்றைய வருமான வரி அலுவலகத்தில் எங்கே இருந்தது? செலவு வரியை 1962ல் எடுத்தார்கள், 1964ல் மறுபடி கொண்டுவந்தார்கள், 1966ல் ஒரேயடியாக விட்டுவிட்டார்கள். அவர் ஆலோசனை சொன்ன கானாவில் 1961ல் பெரிய வேலைநிறுத்தம். பிரிட்டிஷ் கயானாவில் 1962 பிப்ரவரியில் கலவரம், ஜார்ஜ்டவுன் நகரில் கடைத்தெரு எரிந்தது. அரசியல் காரணங்களும் அவற்றில் கலந்திருந்தன. ஆனாலும் அறிக்கையின் அழகுக்கும் அதை நிறைவேற்ற வேண்டிய எழுத்தரின் கைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதைக் காட்ட இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மற்றவர் அமெரிக்கரான கார்ல் ஷூப். போரில் நொறுங்கிய ஜப்பானுக்கு 1949ல் குழுவோடு போனார். அங்கே ஒரு மதிப்புக்கூட்டு வரியைப் பரிந்துரைத்தார். 1950ல் சட்டம்கூட ஆயிற்று. ஒருநாளும் நடைமுறைக்கு வராமல் 1954ல் நீக்கப்பட்டது. அதே குழு ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லியிருந்தது: ஒழுங்காகக் கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தனியாக நீல நிறப் படிவம். நீலப் படிவம் கொடுப்பவரின் வரியை அலுவலர் மனம்போனபடி ஊகித்து ஏற்ற முடியாது. அவர் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, காரணம் எழுதித்தான் மாற்ற வேண்டும். நட்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகவும் இடமுண்டு. கணக்கு எழுதினால் அலுவலரின் ஊகத்திலிருந்து காப்பு கிடைக்கிறது என்பதை ஒரு சாதாரணக் கடைக்காரர் புரிந்துகொண்டார். அந்த நீலப் படிவம் ஜப்பானில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஓசூர்த் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. மேசைக்குக் கீழே கை நீண்டதை என் கண்ணால் பார்த்துத் தலைகுனிந்தவன் நான். ஆனால் இயந்திரம் தன் முன்னால் வந்த பில்லைத்தான் அனுப்பும். துண்டுச்சீட்டில் நடக்கும் வியாபாரம் அதற்குத் தெரியாது. நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பில்லையும் விற்றவர் கணக்கிலும் வாங்கியவர் கணக்கிலும் ஒட்டிப் பார்க்கும் ஜிஎஸ்டிஆர்-2, 3 படிவங்களை 2017 நவம்பருக்குள்ளேயே நிறுத்திவைக்க வேண்டி வந்தது. தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்த 3பி என்ற சுருக்கப் படிவம் நிலைத்துவிட்டது. மின்னணு பில் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, 5 கோடிக்கு இறங்கி வர 2023 ஆகஸ்ட் ஆயிற்று. இவ்வளவு மென்பொருள் வல்லுநர்கள் இருக்கும் நாட்டிலேயே அவ்வளவு காலம். பெரியவர்களிடம் தொடங்கி மெல்ல இறங்கியது மட்டும்தான் அதில் அந்த நாட்டுக்கு எடுத்துப்போகத் தக்கது.

அங்கேயும் வரியில் பெரும்பகுதி சில நூறு நிறுவனங்களிடமிருந்துதான் வரும். அவர்களுக்குத் தனி அலுவலகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த படி நடுத்தர நிறுவனங்கள். இந்தோனேசியாவில் நடுத்தர நிறுவனங்களைத் தனி அலுவலகங்களுக்கு மாற்றி, ஓர் அலுவலர் பார்க்க வேண்டிய நிறுவனங்களின் எண்ணிக்கையைக் குறைத்தபோது அவர்கள் கட்டிய வரி இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. விகிதத்தை ஏற்றவில்லை. பார்க்கப் போதுமான கண்கள் கிடைத்தன, அவ்வளவுதான்.

மாங்கூழ்க் கணக்கர் எழுதியது:

பெரியவர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கட்டுகிறவர்கள் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு மாங்கூழ் ஆலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் மே கடைசி முதல் ஜூலை வரைதான் காய் வரத்து. அந்த இரண்டு மாதத்தில் ஆண்டு முழுவதுக்குமான பெங்களூரா மாங்காயை வாங்கி, கூழாக்கி, டின்னில் அடைத்துவிட வேண்டும். விவசாயிக்குப் பணம் உடனே போக வேண்டும். டின், டீசல், மின்சாரம், கூலி எல்லாம் கைப்பணம். சரக்கோ கப்பலேறி வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்ப் பணம் திரும்பப் பல மாதங்கள் ஆகும். ஏற்றுமதிக்கு வரி இல்லை, ஆகையால் டின்னுக்கும் மற்றவற்றுக்கும் நாங்கள் கட்டிய வரி எங்களுக்குத் திரும்பி வர வேண்டும். அந்த ரீஃபண்ட் வராத மாதங்களில் முதலாளி வட்டிக்கு வாங்கித்தான் கூலி போட்டார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தவன் நான்.

சட்டத்தில் குறை இல்லை. ஏற்றுமதி ரீஃபண்டில் 90 சதவீதத்தை ஒப்புகை கொடுத்த ஏழு நாளில் முன்கூட்டியே தரலாம், முழு உத்தரவும் 60 நாளில் வர வேண்டும், தவறினால் 6 சதவீத வட்டி என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். எழுதியதற்கும் பணம் வங்கியில் ஏறியதற்கும் நடுவில் கடந்த நாட்களைத்தான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மாங்கூழுக்கு எத்தனை சதவீதம் என்பதிலேயே குழப்பம் இருந்து, 2022ல்தான் 12 என்று விளக்கம் வந்தது. பச்சைக் காய்க்கு வரி இல்லை, கூழுக்கு உண்டு, எந்தப் பெயரில் போடுவது என்று ஐந்து ஆண்டுகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி பில் போட்டோம்.

நீங்கள் போகும் நாட்டிலும் காபியோ தேயிலையோ பூவோ ஏற்றுமதி ஆகும் அல்லவா? மதிப்புக்கூட்டு வரி வசூலாகும் வரை இனிக்கும், திருப்பித் தர வேண்டிய நாளில் கருவூலம் கையை மூடிக்கொள்ளும். ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் இந்தப் பாக்கி மலைபோல் சேர்ந்திருக்கிறது. வசூல் இலக்கை எட்டியதாகக் காட்ட ரீஃபண்டை நிறுத்திவைப்பது மிக எளிது. அப்படிச் செய்தால் 15 சதவீதம் என்ற அந்த எண்ணே பொய்யாகிவிடும். எவ்வளவு வசூல் என்று கேட்கும் இடத்திலெல்லாம், திருப்பித் தந்தது எவ்வளவு, எத்தனை நாளில் என்றும் கேளுங்கள். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

தென்பெண்ணைக்கரை எழுதியது:

ஐயா, அண்ணா, தம்பி, மூவருக்கும் நன்றி. நீலப் படிவத்தைப் பற்றி எங்கள் குழுவில் ஒருவர்கூடப் பேசியதில்லை. ரீஃபண்ட் நாட்களைக் கணக்கெடுப்பதை என் வேலைத் திட்டத்தில் இன்றே சேர்த்துவிட்டேன்.

ஐயாவிடம் இன்னும் இரண்டு கேள்விகள். ஒன்று, அந்த நாட்டில் பெரும்பாலானவர்கள் சந்தையில் சிறு வியாபாரம் செய்கிறவர்கள். அவர்களையும் வரி வளையத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று அமைச்சகம் அழுத்துகிறது. எங்கள் பாட்டி போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வெற்றிலையும் புளியும் விற்றவர். அவரைப் போன்ற ஒருவரிடம் போய் எதைக் கேட்பது என்று எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டாவது, அலுவலர்களுக்கு வசூலுக்கு ஏற்ற ஊக்கத்தொகை கொடுத்தால் வசூல் உயரும் என்று ஓர் யோசனை இருக்கிறது. சரியா?

பென்னாகரம் சாலை எழுதியது:

உங்கள் பாட்டி வரி கட்டாமல் இருந்தார் என்று யார் சொன்னது? சந்தைக்குள் கூடையை இறக்கும்போதே சுங்கச் சீட்டு வாங்கியிருப்பார். ஊராட்சி ஆண்டுக்கு ஒருமுறை அந்த வசூல் உரிமையை ஏலம் விடும். எடுத்தவர் கொடுத்த பணத்துக்கு மேல் எடுக்கத்தான் பார்ப்பார். வாரத்துக்கு ஒரு சீட்டு, ஐம்பத்திரண்டு வாரம். விற்றதில் அது எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டால் பஜாரில் பெரிய கடை வைத்தவர் கட்டியதைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும். ஆனால் அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. உகாண்டாவிலும் உள்ளாட்சிகள் சந்தை வரியை இப்படித்தான் தனியாருக்குக் குத்தகை விட்டன. கட்டியவர் கொடுத்ததற்கும் மன்றத்துக்கு வந்து சேர்ந்ததற்கும் பெரிய இடைவெளி இருந்தது. அதே நாட்டில் வயதுவந்த ஆண்களிடம் தலைக்கட்டு வரிபோல வாங்கிய படிநிலை வரியை, மக்கள் பட்ட அவமானம் தாங்காமல் 2005ல் கைவிட்டார்கள்.

எனவே சிறு வியாபாரியைப் "புதிதாக" வளையத்துக்குள் கொண்டுவருகிறோம் என்று அமைச்சகத்தில் சொன்னால், அவர் இப்போது யாருக்கு, எத்தனை இடத்தில், எவ்வளவு கொடுக்கிறார் என்ற பட்டியலை எடுத்துக் காட்டுங்கள். சந்தைக்குப் போய் பத்துப் பேரிடம் கேட்டால் ஒரே நாளில் பட்டியல் தயார். நம் நாட்டில் சரக்கு விற்பவருக்கு ஆண்டு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவே வேண்டாம் என்று 2019ல் வைத்தார்கள். அங்கேயும் ஒரு வரம்பு வேண்டும். அந்த வரம்புக்குக் கீழே இருப்பவர்களைத் துரத்த அலுவலர்களை அனுப்பினால் வசூலாகும் பணம் அவர்கள் பஸ் செலவுக்குக்கூடக் காணாது.

வரம்பை மிகவும் உயர்த்தினாலும் ஆபத்து. இலங்கையைப் பாருங்கள். 2019 கடைசியில் மதிப்புக்கூட்டு வரியை 15லிருந்து 8 சதவீதமாக்கி, பதிவு வரம்பை ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாயிலிருந்து 30 கோடிக்குத் தூக்கினார்கள். சம்பளத்தில் பிடிக்கும் வரியையும் எடுத்தார்கள். பல ஆண்டுகளாகச் சேர்த்த பதிவேடு கரைந்தது. 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது மருந்துக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றவர்களில் நம் உறவினர்களும் இருந்தார்கள். அதற்குக் கடன், தொற்றுநோய் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் 2024 ஜனவரியில் விகிதத்தை 18 வரை ஏற்றிய பிறகும், வெளியே போனவர்களை மறுபடி ஏட்டுக்குள் எழுதுவது பெரும்பாடாகவே இருந்தது.

ஊக்கத்தொகை பற்றி. பாகிஸ்தான் பஞ்சாபில் சொத்து வரி அலுவலர்களுக்கு வசூலுக்கு ஏற்பப் பணம் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். வசூல் உயர்ந்தது உண்மை. கூடவே, சிலருக்கு மட்டும் வரி ஏறியது, வேறு பலருக்கு லஞ்ச விலை ஏறியது. "எனக்கு வேலைக்குத் தகுந்த கூலி இருக்கிறது, உன்னை விட்டால் எனக்கு நட்டம், அந்த நட்டத்தை நீ ஈடுகட்டு" என்று பேரம் பேச ஒரு கருவி கிடைத்துவிட்டது. ஆகவே வசூல் தொகைக்குப் பணம் கொடுக்காதீர்கள். பதிவேடு சரியாக இருப்பதற்குக் கொடுங்கள்: திடீரென்று இருபது கடையைச் சரிபார்த்து, எத்தனை சரியாக இருந்ததோ அதற்கு. நல்ல சம்பளமும், வேண்டாதவரைத் தூக்கியடிக்க முடியாத இடமாற்ற விதியும் அதற்கு முன்னால் வேண்டும். சம்பளம் மட்டும் போதாது. உகாண்டா 1991ல் தனி வருவாய் ஆணையம் அமைத்து அரசுச் சம்பளத்தைவிட உயர்த்திக் கொடுத்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கேயே ஊழலை விசாரிக்க நீதிபதி தலைமையில் ஒரு விசாரணை ஆணையம் உட்கார வேண்டி வந்தது. பிறகு எல்லோரையும் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லி மறுபடி ஆள் எடுத்தார்கள்.

கடைசியாக ஒன்று, இது உங்கள் பணிவரையறையில் இருக்காது. இந்தியாவின் முதல் பொது விற்பனை வரியை 1939ல் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தவர் நம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. 1937 அக்டோபரில் மதுவிலக்கு முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில். அன்று நம் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் அதற்குள் அடக்கம். கள்ளுக் காசு போன இடத்தை நிரப்ப இந்த வரி என்று கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. திட்டிக்கொண்டே கட்டினார்கள், ஆனால் எதற்கு என்று தெரிந்து திட்டினார்கள். கென்யாவில் 2024 ஜூனில் இளைஞர்கள் தெருவுக்கு வந்து நிதி மசோதாவைத் திரும்பப் பெறச் செய்தபோது அவர்கள் கேட்ட கேள்விகளில், எங்கள் பணம் எங்கே போகிறது என்பது முக்கியமானது. நீங்கள் போகும் ஊரில் யாராவது அதைக் கேட்டால், ஆலோசகர் என்று ஒதுங்கிக்கொள்ளாமல் கேள்வியை அப்படியே அமைச்சகத்துக்கு எழுதி அனுப்புங்கள்.

என்னிடம் அந்த இரண்டு ஆண்டுகளின் ஏழு நோட்டுகள் இருக்கின்றன. அரைப்பக்கப் படிவத்தின் நகலும் இருக்கிறது. கிளம்புவதற்குள் ஒரு நாள் தருமபுரிக்கு வாருங்கள். பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான்.

ஓசூர் நிரலர் எழுதியது:

ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அக்கா, கணினி ஒப்பந்தம் எப்போது எழுதினாலும் இரண்டு விதிகளை விடாதீர்கள். தரவு முழுவதையும் எந்த நாளிலும் வேறு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவத்தில் எடுத்துத் தர வேண்டும். மின்சாரமும் இணையமும் இல்லாத நேரத்தில் பதிவு செய்ததைப் பிறகு ஏற்றிக்கொள்ளும் வசதி முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். வாங்கிய நாடுகள் விற்ற நிறுவனத்திடம் சிக்கிக்கொள்வது இந்த இரண்டில்தான். வரைவை எனக்கு அனுப்பினால் ஒரு வரி விடாமல் படித்துத் தருகிறேன், கட்டணம் வேண்டாம்.

தென்பெண்ணைக்கரை எழுதியது:

ஐயா, சனிக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் வருகிறேன். பாட்டியின் சந்தைச் சீட்டுகள் சில எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றன என்று அம்மா சொல்கிறார், அவற்றையும் எடுத்து வருகிறேன். ஜிஎஸ்டி வலைத்தளம் பற்றிய பேச்சைத் தள்ளிவைக்கும்படியும், முதல் ஐந்து வாரம் ஏதாவது ஒரு மாவட்ட அலுவலகத்தில் இருக்க எனக்கு அனுமதி தரும்படியும் இன்று மாலை குழுத் தலைவருக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.